மலைநாட்டுப் பிள்ளைக்கு முதல் சைக்கிள்: பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் மூத்தவனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது ஹட்டன் டவுனில் 16 அங்குலச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சிவப்பு நிறம், முன்னால் கூடை, பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சில்லு. "வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கினா அஞ்சு வருசத்துக்கு வச்சி ஓட்டலாம்" என்று மாமா சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் முன்னால், போட்ட சிமெந்து, மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கான் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நடக்கும்போது அது காலுக்குத் தெரியாது. நான்காம் நாள் காலையில் சைக்கிள் அந்தச் சாய்வில் மெல்ல இறங்கத் தொடங்கியது. சிமெந்து உடைந்து குழிந்திருந்த இடத்துக்கு வந்ததும் பக்கச் சில்லு இரண்டும் குழியின் இரு கரையிலும் நின்றுகொண்டன, பெரிய பின்சில்லு குழிக்கு மேலே தொங்கியது. மகன் பின் பிரேக்கைப் பிடித்துத்தான் இருந்தான். தரையைத் தொடாத சில்லைப் பிடித்து என்ன பயன்? காலை ஊன்றலாம் என்றால் சீட் உயரம், கால் எட்டவில்லை. நேராகக் கானுக்குள் போனான். நாடியில் மூன்று தையல். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தச் சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

சின்னவளுக்கு வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன்: இந்தச் சைக்கிளை இவளால் தானாக நிறுத்த முடியுமா? சமதரை ஊர்களில் பிள்ளை மிதிப்பதை விட்டால் சைக்கிள் நின்றுவிடும். நம் பக்கம் அப்படியில்லை, மிதிக்காமல் விட்டால்தான் வேகம் கூடும். ஆகவே மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லப்பட்ட "எந்த வயதுக்கு எந்த அளவு" என்ற அட்டவணையை மட்டும் பார்த்து வாங்கினால் மலைநாட்டில் அது போதாது.

முதலில் தரை, அப்புறம்தான் சைக்கிள்

கடைக்குப் போவதற்கு முன், பிள்ளை எங்கே ஓட்டப்போகிறது என்று பாருங்கள். வீட்டு வாசலா, கோயில் வாசலா, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களமா, பாடசாலை மைதானமா? பார்த்த இடத்தின் சரிவை அளந்துவிடுங்கள். கண்ணை நம்ப வேண்டாம். மலையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு ஓரளவு சரிவெல்லாம் சமதரையாகத்தான் தெரியும்.

அளப்பது சுலபம். ஒரு மீற்றர் நீளமான நேரான பலகையைச் சரிவின் போக்கில் தரையில் வையுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய போத்தலை மூடி, அதன் மேல் நீளவாக்கில் படுக்க வையுங்கள். தண்ணீர் மட்டம் நேராகும்வரை பலகையின் தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று டேப்பால் பாருங்கள். கைபேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் பலகை மேல் வைத்துப் பார்க்கலாம்.

2 செ.மீ.க்குள் இருந்தால் அந்த இடம் நல்லது. 5 செ.மீ. என்றால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீற்றர் உருண்டால் பிள்ளை அரை மீற்றர் உயரம் இறங்கியிருக்கும். உருளும் தடையைச் சேர்க்காமல் பார்த்தால் அந்த இடத்தில் வேகம் மணிக்கு 11 கிலோமீற்றரை எட்டும். தடையைக் கழித்தாலும், பெரிய ஆள் ஒருவர் பின்னாலேயே ஓட வேண்டிய வேகம். 10 செ.மீ. சரிவில் அதே தூரத்துக்குக் கணக்கு 16 கிலோமீற்றர். இரண்டு வயதுப் பிள்ளையை அங்கே விடக் கூடாது, எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி.

அளந்த பிறகு இடத்தின் ஓரங்களைப் பாருங்கள். லயத்து வாசல் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்திய நீளத் துண்டு. ஒரு பக்கம் வீட்டுத் திண்ணையான இஸ்தோப்பு, மறுபக்கம் கான், அதற்கும் கீழே அடுத்த லயத்தின் கூரை. கான் ஓரமாகப் பழைய டயர்களையோ மண் நிரப்பிய உரமூட்டைகளையோ வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் சைக்கிளை இறக்க வேண்டும். படிக்கட்டு இறங்கும் வாயிலுக்கு ஒரு பலகை. கொழுந்து லொறியோ ஆட்டோவோ திரும்புகிற இடத்தை விட்டுவிடுங்கள். மூன்றடி உயரப் பிள்ளை பின்னால் நிற்பது லொறிக்காரருக்குத் தெரியாது, அதுவும் மூடுபனி நேரத்தில்.

சுற்றுவட்டாரத்தில் சமதரையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கோயில் மண்டபத்துக்குள்ளேயே பழக்கியது. நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு கிரகரி வாவிக் கரை இருக்கிறது, ஆனால் ஏப்ரல் சீசனிலும் வார இறுதிகளிலும் அங்கே கூட்டம் நெரியும். வாரநாள் காலையில் போனால் நிம்மதியாகப் பழக்கலாம்.

பிள்ளை தயாரா?

தடுமாறாமல் ஓடுகிறதா, பந்தை உதைக்க ஒரு காலைத் தூக்கும்போது விழாமல் நிற்கிறதா, "நில்லு" என்றால் நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயார். சில பிள்ளைகளுக்கு இது ஒன்றரை, இரண்டு வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு மூன்றும் ஆகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதில்லை.

எந்த வகை?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்.

முதலாவது, மூன்று சில்லுச் சைக்கிள். வீட்டுக்குள்ளும் இஸ்தோப்பிலும் விளையாட நல்ல சாமான்தான். ஆனால் பெடல் நேராக முன்சில்லோடு பொருத்தப்பட்டிருக்கும். இறக்கத்தில் சில்லு சுற்றச் சுற்றப் பெடலும் சேர்ந்து சுற்றும், பிள்ளையின் கால் பெடலை விட்டு வந்துவிடும். அப்புறம் அதை நிறுத்த ஒன்றுமே இல்லை, பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. பக்கவாட்டுச் சரிவில் திரும்பினால் ஒரு சில்லு தூக்கிக்கொண்டு கவிழும். வீட்டுக்குள் மட்டும் என்றால் வாங்கலாம்.

இரண்டாவது, பக்கச் சில்லு வைத்த பெடல் சைக்கிள். நம் ஊர்களில் அதிகம் விற்பது இதுதான், எல்லோருக்கும் பழக்கமானதும் இதுதான். இதில் நான் கண்ட குறையை மேலே சொல்லிவிட்டேன்: மேடுபள்ளமான தரையில் பின்சில்லு தூக்கிக்கொள்ளும், மிதியும் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். இன்னொரு குறை மெல்லத்தான் தெரியும். சைக்கிள் ஓட்டுவது என்றால் உடம்பையும் வண்டியையும் சேர்த்துச் சாய்த்து நிமிர்த்துவது. பக்கச் சில்லு அந்தச் சாய்வையே தடுக்கிறது. திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டிய பிள்ளை வெளிப்பக்கம் சாயப் பழகிவிடும். பிறகு பக்கச் சில்லைக் கழற்றும் நாளில் பழகியதை மறக்கவைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பெடலே இல்லாத பெலன்ஸ் சைக்கிள். இரண்டு சில்லு, ஒரு சீட், ஒரு ஹேண்டில், அவ்வளவுதான். பிள்ளை சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகும், வேகம் வந்ததும் காலைத் தூக்கிக்கொண்டு மிதந்து போகும். "பெடல் இல்லாம என்ன சைக்கிள்? இதுக்குப் போய் காசு குடுக்கிறதா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். சைக்கிளின் மூதாதையே அப்படித்தான் பிறந்தது. 1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்குப் பெடல் கிடையாது, காலால் தள்ளித்தான் ஓட்டினார். பெடல் வந்தது 1860களில். சமநிலை முதலில், மிதிப்பது பிறகு என்ற அதே வரிசையில்தான் பிள்ளைகளும் சுலபமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

மலைநாட்டுக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இன்னும் நேரானது. பயம் வந்த கணத்தில் பிள்ளை என்ன செய்யும்? காலைக் கீழே வைக்கும். பெலன்ஸ் சைக்கிளில் அதுவே பிரேக். யோசிக்க வேண்டியதில்லை, விரல் பலம் தேவையில்லை.

அளவு: வயதைக் கேட்காதீர்கள், காலை அளவெடுங்கள்

"எத்தனை வயசு?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு உயரத்தில் அரையடி வித்தியாசம் இருக்கலாம். அளக்க வேண்டியது உள்கால் நீளம்.

பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வையுங்கள். மெல்லிய அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவே, சீட்டில் உட்காருவதுபோல் மேலே முட்டும்வரை வைத்து, புத்தகத்தின் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறிவரை அளந்தால் அதுதான் உள்கால் நீளம். ஒரு முறை அளந்து நம்பிவிட வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் நெளிவார்கள். இரண்டு மூன்று முறை அளந்து குறைந்த அளவை எடுங்கள்.

பெலன்ஸ் சைக்கிளில் சீட்டை அந்த நீளத்தைவிட 2 செ.மீ. அளவு தாழ்வாக வைக்க முடிய வேண்டும். பாதம் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் இலேசாக மடிந்திருக்கும் நிலை அதுதான். உதாரணமாக, பிள்ளையின் உள்கால் நீளம் 34 செ.மீ. என்றால், சீட்டை 32 செ.மீ.வரை இறக்கக்கூடிய சைக்கிளாகப் பாருங்கள். நுனிவிரல் மட்டும் தரையைத் தொட்டால் வாங்காதீர்கள். "ரெண்டு மாசத்துல எட்டிரும்" என்பார்கள். பிள்ளை விழுந்து பயப்பட அந்த இரண்டு மாதம் தாராளமாகப் போதும்.

கடையில் சொல்லும் 12 அங்குலம், 14 அங்குலம் எல்லாம் சில்லின் அளவு. சீட் எவ்வளவு தாழும் என்பது அதில் தெரியாது. 12 அங்குலப் பெலன்ஸ் சைக்கிளில் 30 செ.மீ. அளவுவரை இறங்கும் சீட், அதே 12 அங்குலப் பெடல் சைக்கிளில் 40 செ.மீ.க்கும் மேலேயே நின்றுவிடும், பெடல் சுற்ற இடம் வேண்டுமே. ஆகவே டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீட் குழாய் மேலே எவ்வளவு நீளுகிறது என்றும் பாருங்கள். 10 செ.மீ.க்கு மேல் ஏற்ற முடிந்தால் இரண்டு வருடம் பாவிக்கலாம்.

பாரம்

இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து ஏறும் அம்மாமாருக்குப் பாரம் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் நிறை பெரும்பாலும் 11, 12 கிலோ. சரியான எண்ணிக்கை கிளினிக் கார்டில் இருக்கும். இரும்பில் செய்த 12 அங்குலப் பெடல் சைக்கிள் பக்கச் சில்லோடு சேர்த்து 7, 8 கிலோ வரும். அது 60 கிலோ பெரியவர் ஒருவர் 40 கிலோ சைக்கிளை ஓட்டுவதற்குச் சமம். யாரால் முடியும்?

பிள்ளையின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத சைக்கிளைத் தேடுங்கள். 12 கிலோப் பிள்ளைக்கு 4 கிலோ. நல்ல பெலன்ஸ் சைக்கிள்கள் 3 முதல் 4.5 கிலோவுக்குள் கிடைக்கும். கடையில் தராசு இல்லாவிட்டால் ஒரு கையால் ஹேண்டிலின் நடுவைப் பிடித்துத் தூக்கி, பத்து எண்ணும்வரை நில்லுங்கள். உங்கள் கை சலிக்கிறதென்றால் பிள்ளைக்கு அது பாரம்தான். பிள்ளை களைத்துப்போனதும் ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு லயத்துப் படி ஏறப்போவது நீங்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

டயரை முதலில் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி இலேசான, காற்றே அடிக்கத் தேவையில்லாத டயர் ஒரு வகை. பஞ்சராகாது, பாரமும் குறைவு. ஆனால் ஈரச் சிமெந்திலும் பாசியிலும் அது வழுக்கும், கல்லுக் கல்லான பாதையில் அதிர்வை அப்படியே பிள்ளையின் கைக்கு அனுப்பும். வருடத்தில் பாதி நாள் ஈரமாகக் கிடக்கும் நம் பக்கத்துக்குக் காற்றடித்த இறப்பர் டயர்தான் நல்லது. வீட்டுக்குள் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் பஞ்சு டயர் போதும்.

காற்று டயர் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளிலும் ஆட்டோவிலும் இருக்கும் அதே வகைத் தடித்த வால்வ் என்றால், எந்த டயர் கடையிலும் காற்றடிக்கலாம். மலைப் பக்கம் பெரியவர்கள் சைக்கிள் ஓட்டுவது குறைவு என்பதால் எல்லா டவுனிலும் சைக்கிள் பம்ப் கிடைக்காது, டயர் கடை இருக்கும். ஆனால் அங்கே காற்றடிக்கும்போது கூடவே நில்லுங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். சின்ன டியூப் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடித்துவிடும்.

அடுத்தது ஹேண்டில். பிடியின் இரண்டு முனையும் உருண்டையாக, தடித்த இறப்பரால் மூடியிருக்க வேண்டும். பிள்ளை விழும்போது ஹேண்டில் திரும்பி அதன் முனை வயிற்றில் குத்துவது சிறு பிள்ளைகளின் சைக்கிள் விபத்துகளில் நடக்கும் காரியம். வெளியில் காயம் தெரியாமல் உள்ளே அடிபட்டிருக்கலாம். வயிற்றில் ஹேண்டில் குத்திய பிறகு பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இறப்பர் கிழிந்து குழாய் வெளியே தெரியும் பிடியை அன்றைக்கே மாற்றுங்கள். இதில் நான் கண்டிப்பு.

பிரேக் வைத்த பெலன்ஸ் சைக்கிள் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். இரண்டு வயதில் கால்தான் பிரேக், ஆனால் மூன்றரை வயதில் வேகம் கூடும்போது கைக்கும் ஒரு பிரேக் வேண்டும். அது பின்சில்லுக்கு இருந்தால் போதும். முன்சில்லை மட்டும் இறுக்கிப் பிடித்தால் பிள்ளை ஹேண்டிலுக்கு மேலாகப் போகும். பிரேக்கை உங்கள் சுண்டுவிரலால் மட்டும் இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் பிள்ளையாலும் இழுக்க முடியும்.

மற்றதெல்லாம் சில நொடி வேலை. நட்டுகளின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, சில்லைச் சுற்றிவிட்டால் நெளியாமல் சுற்றுகிறதா, ஹேண்டிலை உலுக்கினால் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடை, மணி, பளபளக்கும் தொங்கல்களைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். நிறத்தை மட்டும் பிள்ளை சொல்லட்டும். பனி மூட்டத்தில் தெரியக்கூடிய மஞ்சளோ செம்மஞ்சளோ பிடித்திருந்தால் நல்லது.

புதிது வேண்டாம் என்பவர்களுக்கு

கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீடுதான் நம்மில் அதிகம். இந்தச் சைக்கிள் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம்தான். ஒரு லயத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் வரிசையாக ஐந்து பிள்ளைகள் ஓட்டலாம். பாவித்ததை வாங்குவதும் நல்ல யோசனைதான். ஹேண்டில் பொருந்தும் குழாயைச் சுற்றியும் வெல்டிங் இடங்களிலும் பெயிண்டில் மெல்லிய கோடாக வெடிப்பு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் வேண்டாம். மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுக்கலாம். பிரேக் வயர் துருப்பிடித்து இறுகியிருந்தால் புதிது போட அதிகம் செலவாகாது.

வீட்டில் ஏற்கெனவே சின்னப் பெடல் சைக்கிள் ஒன்று கிடக்கிறதா? அதையே பெலன்ஸ் சைக்கிளாக மாற்றலாம். பக்கச் சில்லையும் இரண்டு பெடலையும் கழற்றி, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் 15 இலக்க ஸ்பேனர் போதும். பலபேர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது: இடதுபக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியது. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். பெடலுக்கு மேல் ஸ்பேனரை நிறுத்திப் பின்சில்லின் பக்கம் தள்ளுங்கள், இரண்டு பக்கப் பெடலுக்கும் அதுவே கழறும் திசை. கழற்றியதும் இடது எது, வலது எது என்று எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். இத்தனையும் செய்த பிறகும் பிள்ளையின் பாதம் தரையில் பதியவில்லை என்றால் அந்தச் சைக்கிள் இன்னும் பெரிது. அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.

ஹெல்மட்டும் சப்பாத்தும்

ஹெல்மட்டை முதல் நாளே போடுங்கள். பத்து நாள் போடாமல் ஓட்டிப் பழகிய பிள்ளைக்குப் பதினோராம் நாள் போடுவது பெரும்பாடு. புருவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றித் தலையை அளவெடுங்கள், இந்த வயதில் பெரும்பாலும் 47 முதல் 50 செ.மீ.க்குள் இருக்கும். ஹெல்மட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் உங்கள் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பட்டி இரண்டும் காதுக்குக் கீழே சந்திக்க வேண்டும், நாடிக்கும் பட்டிக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஈஎன் 1078 என்றோ சிறுவர்களுக்கான ஈஎன் 1080 என்றோ உள்ளே ஒட்டியிருக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தர இலக்கத்தைப் பாருங்கள். விளையாட்டுக்காக விற்கும் வெறும் பிளாஸ்டிக் தொப்பியில் அது இருக்காது.

பாவித்த சைக்கிள் வாங்கலாம், பாவித்த ஹெல்மட் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு ஒரு முறை அடி வாங்கி நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது, வெளியில் பார்த்தால் அது தெரியவும் தெரியாது. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மட்டைக் கழற்றிவிடுங்கள். ஊஞ்சலிலும் மரத்திலும் பட்டி மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

காலுக்கு முன்மூடிய சப்பாத்து. செருப்போடு விடாதீர்கள், காலால் பிரேக் பிடிக்கும்போது பெருவிரல் நகம் பெயரும். குளிருக்காகப் போடும் சுவெட்டரின் தொப்பிக் கயிற்றை உருவிவிடுங்கள், கழுத்தில் மஃப்ளர் வேண்டாம்.

முதல் வாரம்

சீட்டில் ஏற்றி உட்கார வைத்துத் தள்ளிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை சைக்கிளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நடக்கட்டும், உருட்டட்டும், படுக்கப் போட்டுச் சில்லைச் சுற்றட்டும். சின்னவள் முதல் நாள் முழுவதும் அதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டோம்.

அப்புறம் நிற்கும் விளையாட்டு. சோக்கால் தரையில் ஒரு கோடு போடுங்கள். "கோட்டுல நில்லு" என்றதும் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். நீங்களும் கூட நடந்துவந்து கோட்டில் நில்லுங்கள். இதை ஒரு நாளைக்குப் பத்து தடவை. பிடிக்க வேண்டியிருந்தால் ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள், பிள்ளையின் முதுகிலோ அக்குளிலோ கை வையுங்கள். ஹேண்டில் பிள்ளையின் கையில் இருந்தால்தான் சமநிலை பிள்ளைக்கு வரும்.

கோட்டில் ஒழுங்காக நிற்கத் தொடங்கிய பிறகுதான் சரிவு. சரிவின் உச்சியிலிருந்து தொடங்காமல், அடியிலிருந்து தொடங்குங்கள். சமதரையிலிருந்து இரண்டு மீற்றர் மட்டும் மேலே ஏறி, அங்கிருந்து உருண்டு வந்து சமதரையில் நிற்கட்டும். அது கைவந்ததும் மூன்று மீற்றர். இறங்கி வரும் திசையில் கான், படி, றோட்டு எதுவும் இருக்கக் கூடாது. எதிரே சின்ன மேடு இருந்தால் இன்னும் நல்லது, சைக்கிள் அதில் ஏறித் தானே ஓய்ந்துவிடும்.

ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலம் போதும். பனி விலகி வெயில் விழுந்து சிமெந்து காய்ந்த பிறகு, மத்தியான மழைக்கு முன் என்று நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை குறைவான காலம். பொங்கலையொட்டி வாங்கினால் பழக நல்ல நாட்கள் கிடைக்கும்.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, கோயில் வாசலில் சின்னவள் நான்கு எட்டுத் தள்ளினாள். ஐந்தாவதற்குக் கால் கீழே வரவில்லை. இரண்டு சப்பாத்தும் தரைக்கு மேலே, முழங்காலை விரித்துக்கொண்டு, தேங்காய் உடைக்கும் கல்வரை மிதந்து போய் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க புடிக்கல்லதானே?" என்றாள். "இல்லம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். மூத்தவன் அன்றைக்குச் சாயந்திரம் தன் சிவப்புச் சைக்கிளின் பக்கச் சில்லைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டான்.

மழையும் துருவும்

நனைந்தால் பழைய துணியால் துடைத்து உள்ளே வையுங்கள். பிரேக் வயருக்கும் நட்டுகளுக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் வேண்டாம். நுவரெலியாக் குளிரில் அது போத்தலிலேயே உறைந்து கிடக்கிறது, இரும்பிலும் அப்படித்தான் உறைந்து அழுக்கைப் பிடிக்கும். வாசலில் பச்சைப் பாசி படர்ந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கம் விடாதீர்கள். நட்டுகளை மாதம் ஒரு தடவை இறுக்குங்கள்.

பெடல் எப்போது?

காலைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீற்றர் நேராக மிதந்து, வளைவில் சாய்ந்து திரும்பி, சொன்ன இடத்தில் நிற்கிறதென்றால் பிள்ளை பெடலுக்குத் தயார். சிலர் மூன்றரையில் வருவார்கள், சிலர் ஐந்தில். அப்போது பக்கச் சில்லு இல்லாமலே வாங்குங்கள். சீட் பிள்ளையின் உள்கால் நீளத்துக்கே இறங்க வேண்டும், மற்ற ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம், நாம் வேண்டாம். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். சில மலிவான சின்னச் சைக்கிள்களில் சில்லு ஓடும்வரை பெடலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், இறக்கத்தில் அது பிள்ளையின் கெண்டைக்காலில் அடிக்கும், அதை வாங்காதீர்கள். இரண்டு கைக்கும் பிரேக் இருக்க வேண்டும், செயின் முழுவதும் மூடியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சில்லின் வளையத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, சைக்கிளை நீங்களே உருட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் பிடி எவ்வளவு தாமதிக்கிறது என்று தெரிந்துகொண்டு, மழை நாளில் எவ்வளவு தூரத்துக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

சின்னவளின் பெலன்ஸ் சைக்கிள் இப்போது எங்கள் லயத்து நான்காம் வீட்டில் இருக்கிறது. சீட்டைத் திரும்ப அடிமட்டத்துக்கு இறக்கி, ஹேண்டில் பிடி இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பையன் இன்னும் நடக்கும் கட்டத்தில்தான் இருக்கிறான். கான் ஓரத்து டயர்கள் அப்படியே கிடக்கின்றன.